ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மூளைக்குள்ள வர்ற செல்கள்: அந்த சிவப்பு-பச்சைப் படத்தை முதல்ல தூக்கிப் போடுங்க

வணக்கம் மக்களே! இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புலதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். காரணம் ஒரு படம். ஸ்ட்ரோக், மூளை, எதிர்ப்பு சக்தின்னு எதைத் தேடினாலும் அதுதான் வந்து நிக்குது. இடது பக்கம் சிவப்பா ஒரு செல், 'எம்1, கெட்டது'. வலது பக்கம் பச்சையா ஒரு செல், 'எம்2, நல்லது'. நடுவுல ஒரு அம்புக்குறி. சிவப்பைப் பச்சையா மாத்திட்டா மூளை சரியாயிடுமாம். அந்த அம்புக்குறியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது!

எம்1, எம்2ங்கறது மேக்ரோஃபேஜை, அதாவது குப்பையை விழுங்கற எதிர்ப்பு செல்லை, டிஷ்ல வளர்த்து, ஒரு பக்கம் இன்டர்ஃபெரான் காமா, இன்னொரு பக்கம் ஐஎல்-4ன்னு சிக்னல் புரதங்களை ஊத்திப் பார்த்த கணக்கு. மூளைக்குள்ள அப்படி ஒத்தை மருந்தை யாரும் ஊத்தறதில்ல. ஒரே நேரத்துல பத்து விதமான சிக்னல் வருது. ஒவ்வொரு செல்லாப் பிரிச்சு ஆர்என்ஏவை, அதாவது எந்தெந்த மரபணு வேலை செய்யுதுங்கறதை, படிச்சுப் பார்த்தா, எம்1 அடையாளமும் எம்2 அடையாளமும் ஒரே செல்லுல உட்கார்ந்திருக்கு. அதுக்கு என்ன கலர் அடிப்பீங்க? சரி, இதுலயே நின்னா வீடியோ முடிஞ்சிடும். விடறேன். இன்னும் கோபம் போகல, ஆனா விடறேன்.

கலர் வேண்டாம், காலண்டரைப் பாருங்க. பெரிய ரத்தக்குழாய் அடைச்சு அப்படியே விட்டா, நிமிஷத்துக்குச் சராசரியா 19 லட்சம் நியூரான் போகுது. நம்ம ரத்தக்குழாய் வீடியோவுல சொன்ன அதே கணக்குதான். சாகற செல்லுல இருந்து ஏடிபி, ஹெச்எம்ஜிபி1 மாதிரி, உள்ளயே இருக்கவேண்டிய சரக்கெல்லாம் வெளிய கசியும்; வெளிய வந்தா அது வீக்கத்தைத் தூண்டும். மூளையிலேயே குடியிருக்கற எதிர்ப்பு செல்லான மைக்ரோக்ளியா நிமிஷக் கணக்குல அந்தப் பக்கம் கையை நீட்ட ஆரம்பிச்சிடும். எலிகள்ல பார்த்த வரைக்கும், சில மணி நேரத்துல ரத்தத்துல இருந்து நியூட்ரோஃபில்ங்கற வெள்ளணு வந்து, முதல் மூணு நாளுக்குள்ள உச்சத்தைத் தொடுது. மோனோசைட்ங்கற இன்னொரு வெள்ளணுக் கூட்டம் மூணுல இருந்து ஏழாம் நாள் வரைக்கும். டி செல்கள்ங்கற வெள்ளணுக்கள் அதுக்கும் அப்புறம்.

மோனோசைட் உள்ள வந்து மேக்ரோஃபேஜா மாறினதும் பெரிய வேலையே துப்புரவுதான். அதோட மேற்பரப்புல எம்எஸ்ஆர்1னு ஒரு ஏற்பி இருக்கு. கசிஞ்சு கிடக்கற ஹெச்எம்ஜிபி1ஐப் பிடிச்சு உள்ள இழுக்கறது அதுதான். இழுத்துட்டா வீக்கத்தைத் தூண்டறதுக்கு வெளிய ஆள் இல்ல. அதே கூட்டம் ஐஜிஎஃப்-1ங்கற வளர்ச்சிக் காரணியையும் சுரக்குது. எலிகள்ல முதல் வாரம், மோனோசைட் உள்ள வர உதவற சிசிஆர்2ங்கற ஏற்பியை அடைச்சு இந்த மோனோசைட்டை உள்ள விடாம பண்ணிப் பார்த்தாங்க. பின்னாடி வரவேண்டிய நடமாட்ட முன்னேற்றம் காணாம போச்சு. 'கெட்ட செல்லு வராம தடுத்துட்டோம்'னு சந்தோஷப்பட்டிருந்தா அவ்வளவுதான்.

ஐயோ, நியூட்ரோஃபில் பத்தி முக்கியமானதை விட்டுட்டேன், பின்னாடி போறேன். அது எம்எம்பி-9னு ஒரு நொதியைக் கொண்டு வருது. முதல் நாள்ல அது ரத்தக்குழாய்ச் சுவரை அரிச்சு, வீக்கம், ரத்தக்கசிவுன்னு இழுத்து விடும். அப்ப அதைத் தடுக்கறதுதானே சரின்னு தோணும். 2006ல எலிகள்ல ஏழாம் நாள் தடுத்துப் பார்த்தாங்க. சேதம் கூடிடுச்சு, மீட்சி குறைஞ்சிடுச்சு. ஏன்னா அந்த நேரத்துல புதுக் குழாய் முளைக்க வழி வெட்டிக் கொடுக்கறதும் அதே நொதிதான். ஒண்ணாம் நாள் மருந்து ஏழாம் நாள் விஷம். இதை எந்தக் கலர்ல போடுவீங்க?

என்னோட ஃபேவரைட் யாருன்னு உங்களுக்கே தெரியும், டி-ரெக். மத்த எதிர்ப்பு செல்களை அடக்கி வைக்கற டி செல் வகை இது. எலி மூளையில ரெண்டு வாரத்துக்கு மேலதான் இது பெருங்கூட்டமா சேருது. ஆம்ஃபிரெகுலின்னு ஒரு புரதத்தைச் சுரந்து, நியூரானுக்குத் துணையா இருக்கற ஆஸ்ட்ரோசைட் செல்கள் அளவுக்கு மீறித் தடிக்கறதை அடக்குது. ஜப்பானியக் குழு 2019ல இதைக் காட்டினாங்க. டி-ரெக்கை நீக்கினா எலி தேறறது மந்தமாகுது. எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கற நேரத்துல வந்து வேலை பார்க்குதே, அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு.

அப்ப எல்லாத்தையும் சேர்த்து அமுக்கினா? என்லிமோமாப்னு ஒரு ஆன்டிபாடி. வெள்ளணு குழாய்ச் சுவர்ல ஒட்டாம தடுக்கறது வேலை. 625 பேர்கிட்ட பார்த்தாங்க, முடிவு 2001ல வந்தது. மருந்து வாங்கினவங்கதான் அதிகமா இறந்தாங்க. அது எலியில செஞ்ச ஆன்டிபாடி, அதுவே உடம்புல அழற்சியைக் கிளப்பியிருக்கலாம்னு ஒரு விளக்கம் உண்டு.

அப்ப தூண்டி விட்டா? 'இம்யூனிட்டி பூஸ்டர்' தரலாமான்னு கேக்கறவங்களுக்கு: வேண்டாம். ஸ்ட்ரோக் வந்ததும், உடம்பைப் பதட்ட நிலைக்குத் தள்ளற சிம்பதெடிக் நரம்புகள் வழியா உடம்புல லிம்போசைட்ங்கற வெள்ளணு குறையுது, எதிர்ப்பு சக்தி படுத்துடுது, நிமோனியா சுலபமா ஒட்டிக்குது. அது நிஜம். ஆனா பொடி, மாத்திரை அதைச் சரி பண்ணும்னு ஆதாரம் இல்ல. முன்னெச்சரிக்கையா ஆன்டிபயாடிக் போட்டும் பார்த்தாச்சு. நெதர்லாந்துல 2,550 பேர், செஃப்ட்ரியாக்சோன் தினம் 2 கிராம், நாலு நாள். நோயாளியோட செயல்பாட்டுல முன்னேற்றம் இல்ல.

பலன் கொடுத்தது சலிப்பான வேலைங்கதான். முழுங்கற பரிசோதனை முடியாம வாயில தண்ணி, மாத்திரை, எதுவும் கூடாது. காய்ச்சல் 37.5 டிகிரியைத் தொட்டாலே கவனிக்கணும். சர்க்கரையை அடிக்கடி பார்க்கணும். ஆஸ்திரேலியாவுல நர்ஸ்கள் இந்த மூணையும் கட்டாயமாப் பண்ணினப்ப, 90 நாள்ல இறந்தவங்க, பிறர் தயவுல இருக்கறவங்க ரெண்டையும் சேர்த்து எண்ணினா, எண்ணிக்கை குறைஞ்சது. 2011 ஆய்வு. வாயைச் சுத்தமா வைக்கறதையும் விட்றாதீங்க, நுரையீரலுக்குள்ள இறங்கற கிருமி அங்கிருந்துதான் போகுது.

ஒரு விஷயம் ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும். மேல சொன்ன செல் கதை பெரும்பாலும் எலிகளோடது, அதுவும் இளம் ஆண் எலி. மனுஷனுக்கு ஸ்ட்ரோக் வர்ற வயசு வேற, கூடவே பிபி, சுகர். அங்க நாளா இருக்கறது இங்க வாரமா இழுக்கலாம்.

இன்னொண்ணு, நான் துள்ளிக் குதிச்ச விஷயத்தையே மறந்துட்டேன் பாருங்க! நியூட்ரோஃபில் எல்லாம் எங்கிருந்து வருது? தொடை எலும்பு, கால் எலும்புன்னுதான் நினைச்சிட்டிருந்தோம். 2018ல எலி மண்டையோட்டு மஜ்ஜைக்கும் மூளை உறைக்கும் நடுவுல நுண்ணிய கால்வாய்களைக் கண்டுபிடிச்சாங்க. ஸ்ட்ரோக் வந்தா கால் எலும்பை விட மண்டையோட்டுல இருந்து அதிகமா நியூட்ரோஃபில் கிளம்புது. மனுஷ மண்டையோட்டுத் துண்டுகள்லயும் கால்வாய் இருக்கு, எலியோடதை விடச் சுமார் அஞ்சு மடங்கு அகலம். அடுத்த வீடியோ முழுக்க அதுதான். கீழ கேள்வி போடுங்க, அந்தப் படத்தை மட்டும் போடாதீங்க!