வெண்ணெய் நம் கையில்தான் இருக்கிறது

(இராமேசுவரம் தீவில் நடந்த பொதுக்கூட்டப் பேச்சு)

நகர்மன்றத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பாம்பன் ஜமாத் பெரியவர்களே, வந்ததும் வராததுமாகத் துண்டு போர்த்திய விசைப்படகுச் சங்கத்து அண்ணன்மார்களே, பாசிக்குப் போய்வந்த களைப்போடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சின்னப்பாலத்துத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

சுற்றுலா, மீன்பிடி, கடற்பாசி என்று மூன்றைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். சுற்றுலாவுக்குக் குறையில்லை. 1914இல் ரயில் பாலம், 1988இல் சாலைப் பாலம், 2017இல் தனுஷ்கோடி தாண்டி தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ரோடு, 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம். வருகிறவர்கள் 22 தீர்த்தம் ஆடி, தனுஷ்கோடி பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். நம் பொருள் என்று அவர்கள் பையில் என்ன போகிறது? சங்கு, சிப்பி, பனை ஓலைப் பெட்டி. அதற்கு அப்புறம்? வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பார்கள். நம்முடைய வெண்ணெய் பாசிதான்.

ஒரு அக்கா கடற்கரையில் மரிக்கொழுந்துப் பாசியைக் காயப்போட்டிருந்தார். கண்ணாடி மாட்டி, காலில் தட்டுக் கட்டி, விரலில் துணி சுற்றி, கடலில் முங்கிப் பாறையில் பறித்த பாசி அது. மதுரையிலிருந்து சாமி கும்பிட வந்த ஒரு அம்மா, "என்னம்மா, குப்பையைக் காயவைக்கிறீங்க?" என்றார். "தாயி, ஜெல்லிக்குப் போடுறீங்களே சைனா கிராஸ், அதைப் பெத்த அம்மா இது" என்றார் அக்கா. அந்த அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "அப்போ எனக்கு ஒரு பாக்கெட் குடுங்க!" அக்கா சிரித்தார். "எங்ககிட்ட ஏது பாக்கெட்? இது லாரி ஏறி உங்க மதுரைக்குத்தான் போகுது, அங்கதான் சைனா கிராஸ் ஆகுது. ஊருக்குப் போய் வாங்கிக்குங்க." அதே அக்கா பேரனுக்கு ஜெல்லி செய்ய, கடையில் காசு கொடுத்துத்தான் அந்தப் பாக்கெட்டை வாங்குகிறார். வெண்ணெய் எடுத்த கை நெய்யை விலைக்கு வாங்குகிறது!

இந்தத் தாய்மார்கள் கடலைச் சுரண்டுகிறவர்கள் இல்லை. மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கொடுத்து உலகமே பாராட்டியது. நாம் என்ன செய்தோம்?

மீன்பிடியையும் 61 நாள் தடைக்காலத்தையும் பற்றி அண்ணன்மார்கள் பேசுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான். கடற்பாசிப் பூங்கா என்று 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள், சரி. தீவுக்குள்ளேயே பாசியைக் கழுவி, காய்ச்சி, வடித்து, உறையவைத்து, உலர்த்த ஒரு கூடம் வேண்டும். அதைப் பெண்கள் சங்கமே நடத்த வேண்டும். அக்னி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு கடையும் வேண்டும். நல்ல தண்ணீர் நிறையப் பிடிக்கும் தொழில் இது. தீவில் தண்ணீர் படும் பாடு எனக்கும் தெரியும். அதனால் தண்ணீருக்கான ஏற்பாட்டையும் மனுவில் சேர்த்திருக்கிறோம். தலைவர் அவர்கள் அடுத்த மன்றக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. ஆண்களும் கையெழுத்துப் போடுங்கள்.