எண்ணே இல்லாத அளவுக் கருவி: ஆக்ரிக்கடையில் கிடைத்த இரும்புச் சக்கரம்

[மேசை மேல் பொருள். கேமரா மிக அருகில்.]

இது என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த அகலத்தில் தட்டையான இரும்பு வட்டு, அதைக் கவட்டை மாதிரி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிடி, நடுவில் தறைந்த ஒரு ஆணி. தள்ளினால் உருளும், அவ்வளவுதான். போன மாதம் மலை தாண்டி, கேரளத்துப் புனலூர்ப் பக்கம் ஒரு ஆக்ரிக்கடையில், நம் செங்கோட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடை என்போமே அதில்தான், எடைக்குப் போட்டு வாங்கினேன். கடைக்காரச் சேட்டனிடம் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. உடைந்த துருத்திக் குழாயும் இரண்டு குறடும் கிடந்த அதே சாக்கில்தான் இதுவும் இருந்தது, அதனால் கொல்லப் பட்டறைச் சாமான் என்பது மட்டும் நிச்சயம்.

வீட்டில் ஆளுக்கொரு பதில். அக்கா பீட்சா வெட்டுகிறது என்றாள். மாமா கிணற்றுக் கப்பி என்றார். கப்பி என்றால் கயிறு உட்காரப் பள்ளம் வேண்டும், இதன் விளிம்போ மொழுமொழுவென்று தட்டையாக இருக்கிறது. வெட்டுகிற சாமான் என்றால் விளிம்பு மெலிந்திருக்க வேண்டும், இது ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவு தடிமன். தையல்காரர் துணியில் கோடு போட உருட்டும் சக்கரத்துக்குப் பல் இருக்கும், இதற்கு ஒரு பல்கூடக் கிடையாது.

[விளிம்பை மெல்லச் சுற்றிக் காட்டவும்.]

இங்கே ஒரு தப்பு பண்ணிவிட்டேன், நீங்கள் பண்ணாதீர்கள். துருவைப் பார்த்ததும் கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டி வழித்துத் தள்ள ஆரம்பித்தேன். பாதி வட்டு பளபளவென்று வந்த பிறகு, ஏதோ யோசனை வந்து நிறுத்திவிட்டு, மீதியை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். காலையில் துணியால் துடைத்தால், இதோ தெரிகிறதா, விளிம்பில் உளியால் வெட்டிய ஒரே ஒரு கீறல். இன்னும் இரண்டு நிமிடம் கிரைண்டர் ஓடியிருந்தால் போயிருக்கும். பழைய கருவியில் இருக்கும் கீறல், தேய்மானம், கை பட்டு மின்னும் இடம், இதெல்லாம்தான் அது என்ன வேலை செய்தது என்று சொல்லும். அழுக்கைவிடப் பளபளப்பு பெரிய எதிரி.

வட்டமான ஒரு பொருளில் ஒரே ஒரு இடத்தில் எதற்குக் கீறல்? எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியத்தான், அதாவது சுற்று எண்ண. உடனே விளிம்பைச் சுற்றி நூல் பிடித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட 24 அங்குலம், 2 அடி. தற்செயலாக இப்படி வராது, யாரோ வேண்டுமென்றே செய்த அளவு.

[பட்டறை. பழைய வண்டிச் சக்கரம்.]

எங்கள் ஊரில் இப்போது உலை மூட்டாமல் சும்மா இருக்கும் ஒரு கொல்லாசாரித் தாத்தாவிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கக்கூட இல்லை. “ஏ தம்பி, அத ஏன் மூஞ்சிக்கு நேரா பிடிக்க, வண்டிச் சக்கரத்து மேல வச்சு உருட்டு” என்றார். அவருடைய அப்பா காலத்தில் பட்டறையில் கயிறு சுற்றித்தான் அளப்பார்களாம், இந்த மாதிரி உருளையை மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் பட்டறையில் பார்த்திருக்கிறாராம்.

இங்கிலாந்து, அமெரிக்காப் பட்டறைகளில் இதற்கு டிராவலர் என்று பெயர். மர வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதற்கு அளவெடுக்கும் கருவி.

எப்படி என்று செய்தே பார்த்துவிடலாம். மரச்சக்கரத்தின் வட்டையில், அதாவது வெளி வளையத்தில், சாக்பீஸால் ஒரு கோடு. கீறலை அந்தக் கோட்டில் வைத்து, வட்டையைச் சுற்றி உருட்டிக்கொண்டே போகவேண்டும், கீறல் தொடும்போதெல்லாம் ஒரு எண்ணிக்கை. 5 அடிச் சக்கரம் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 188 அங்குலம், ஆக ஏழு முழுச் சுற்று, அப்புறம் முக்கால் சுற்றுக்கு மேல் மிச்சம். மிச்சம் முடிகிற இடத்தில் வட்டின் மேலேயே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். இப்போது அதே உருளையை இரும்புப் பட்டை மேல் ஏழு சுற்றும் அந்த மிச்சமும் உருட்டினால், சக்கரத்தின் சுற்றளவு இரும்பில் வந்து விழுந்துவிட்டது. அடி, அங்குலம், மீட்டர் எதுவும் வாயில் வரவில்லை பாருங்கள். அதனால்தான் இதில் எண்ணே இல்லை. வட்டு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இரண்டு பக்கமும் அதே கோணல்தான் விழும், கழிந்துபோகும். கயிறு அப்படி இல்லை, இழுத்தால் நீளும், நேற்றைய இழுப்பும் இன்றைய இழுப்பும் ஒன்றாக இருக்காது.

ஆனால் அந்த நீளத்துக்கு அப்படியே வெட்டினால் வேலை கெட்டது. நேர்ப்பட்டையை வளைக்கும்போது உள்பக்கம் நெரியும், வெளிப்பக்கம் இழுபடும், நடுவில் இருக்கும் இரும்புக்கு மட்டும்தான் நீளம் மாறாது, அதனால் பட்டையின் தடிமன்போல மூன்று மடங்கு கூடுதலாக விடவேண்டும். அரை அங்குலப் பட்டைக்கு ஒன்றரை அங்குலம். இரண்டு நுனியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காய்ச்சி அடித்து ஒட்டுவதற்குத் தனியாக ஒரு கணக்கு. அப்புறம் இதிலிருந்தே குறைக்கவும் வேண்டும், அங்கேதான் கைப்பழக்கம்.

பட்டை சக்கரத்தைவிடச் சின்னதாகத்தான் இருக்கவேண்டும், சுற்றளவில் ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம் அளவுக்கு. எப்படி ஏறும்? சூட்டில். 100 அங்குல இரும்பு 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குலம் நீளும். நம் 188 அங்குலப் பட்டையைச் சுற்றி வறட்டி அடுக்கி எரித்து 600 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேலே நீண்டு நிற்கும். மூன்று பேர் குறடோடு தூக்கிவந்து சக்கரத்தில் போட்டு, சம்மட்டியால் தட்டி இறக்கி, மரம் தீப்பிடிக்கிறதுக்குள் தண்ணீர் ஊற்றவேண்டும். பட்டை சுருங்கும்போது வட்டைத் துண்டுகளின் இடைவெளி மூடி, ஆரக்கால் குடத்துக்குள், அதாவது சக்கரத்தின் நடுக்கட்டைக்குள், இறுகும், அந்தச் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்குமாம். ரொம்பக் குறைத்து வெட்டினால் இறுக்கம் தாங்காமல் ஆரக்கால் வளைந்துவிடும், குறைக்காமல் விட்டால் ஆரியங்காவு மலை இறக்கத்தில் பட்டை கழன்று வண்டிக்கு முன்னால் ஓடும். 1904இல் கொல்லம் ரயில் வருவதற்கு முன்னாடி மலையேறிய சரக்கு பெரும்பாலும் மாட்டை நம்பித்தான் போனது, அதனால் இந்தக் கால் அங்குலம், அரை அங்குலம் எல்லாம் அப்போது சின்ன விஷயம் இல்லை.

[கொட்டகையில் மாமா வீட்டுச் சக்கரம்.]

கடைசியாக ஒரு சோதனை. மாமா வீட்டில் பட்டை கழன்ற ஒரு சக்கரம் பல வருடமாகக் கிடக்கிறது. வட்டையின் மேல் உருட்டினேன், பிறகு பட்டையின் உள்பக்கம் உருட்டினேன். இரண்டு சாக்பீஸ் கோட்டுக்கும் நடுவில் அரை அங்குலம். பட்டைதான் பெரிசு. இரும்பு அப்படியேதான் இருக்கும், மரம்தான் காய்ந்து சுருங்கிப்போயிருக்கிறது. தாத்தாவிடம் சொன்னதற்கு, “அப்போ எல்லாம் வண்டியக் குளத்துக்குள்ள இறக்கி நிறுத்திருவோம்லா” என்றார். சக்கரத்தை வாய்க்காலில் போட்டு மூன்று நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து மறுபடி உருட்டிப் பார்க்கவேண்டும்.