நம் தெருவில் நான்கு குடும்பக் கட்டடம் வரலாமா? சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி பாஸ்டன் பக்கத்துப் புறநகர் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. பெயர் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். "அண்ணா, பெரிய கடன் வாங்கி, போன வருடம்தான் தனி வீடு வாங்கினோம். இப்போது ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள எங்கள் தெருக்களில் மூன்று, நான்கு குடும்பங்கள் இருக்கிற கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கப் போகிறார்களாம். வீட்டு விலை விழுந்துவிடுமா? பள்ளிக்கூடம் நிரம்பிவிடுமா? எதிர்த்துப் பேசலாம் என்றிருக்கிறேன். தப்பா?"

தப்பே இல்லை, தம்பி. பேசத்தானே கூட்டம் போடுகிறார்கள். ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஆதரித்துத்தான் பேசுவேன்.

முதலில் ஒன்று. இது உங்கள் ஊர்க்காரர்களாக யோசித்துக் கொண்டுவந்தது இல்லை. 2021 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலம் போட்ட சட்டம். பாஸ்டன் ரயில், பேருந்துச் சேவையை ஒட்டிய 177 ஊர்களில் ஒவ்வொன்றும், தனித்தனியாகச் சிறப்பு அனுமதி கேட்காமலே பல குடும்பக் கட்டடம் கட்டக்கூடிய ஒரு பகுதியையாவது ஒதுக்க வேண்டும். ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடு. கால் ஏக்கர் மனை என்றால் மூன்று, நான்கு வீடு. உங்கள் கேள்வியில் வருகிற கணக்கு அதுதான். மில்டன் என்ற ஊர் 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, முடியாது என்றது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு, விதிமுறைகளை முறைப்படி மறுபடி வெளியிடச் சொன்னதே தவிர, சட்டம் செல்லும் என்றுவிட்டது. ஆகவே 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வர முடியாது.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். இன்று சாயங்காலம் உங்கள் தெருவில் ஒரு நடை போய்ப் பாருங்கள். 1950களில் கட்டிய சின்ன வீடு ஒன்று கண்ணில் படும். ஆயிரத்து இருநூறு சதுர அடி இருக்கும், மேலே சாய்வுக் கூரையில் இரண்டு அறை. அந்த வயதான தம்பதி விற்றதும் பில்டர் வாங்குவார். ஒரு திங்கட்கிழமை காலை இடிக்கிற இயந்திரம் வந்து நிற்கும். மத்தியானத்துக்குள் வீடு இருக்காது. அடுத்த வருடம் அதே மனையில் ஐயாயிரம் சதுர அடி, மூன்று கார் நிற்கிற கராஜ், முன்னால் நாலு தூண். அநேகமாக யாரும் மைக் முன்னால் போய் நிற்க மாட்டார்கள், ஏனென்றால் அது 'ஒரு குடும்ப வீடு'. அதே உயரத்தில், அதே அகலத்தில் மூன்று வாசல் வைத்துக் கட்டினால்தான் ஊரே திரண்டு வருகிறது. இடிப்பது அதே வீடு, வெட்டுவது அதே மரம். உங்கள் தெரு எப்படியும் மாறத்தான் போகிறது. அந்தப் பெரிய கட்டடத்துக்குள் ஒரு குடும்பம் இருக்கலாமா, மூன்று இருக்கலாமா என்பது மட்டும்தான் கேள்வி.

விலை விழாது. கூடுதலாகக் கட்ட உரிமை உள்ள மனைக்கு மதிப்பு ஏறத்தான் வழி அதிகம். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: புதிதாக வருகிற டவுன்ஹவுஸும் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு) மலிவாக இருக்காது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர் நாளைக்கே உங்கள் ஊரில் குடிவந்துவிடுவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மினியாபொலிஸைப் பாருங்கள். 2017 முதல் 2022 வரை அங்கே வீடுகள் 12 சதவீதம் கூடின, வாடகை ஏறியது வெறும் 1 சதவீதம். மினசோட்டாவின் மற்ற இடங்களில் 14 சதவீதம் ஏறியது. அந்த ஊர் ஒரு மனையில் மூன்று வீடு வரை அனுமதித்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். உண்மையில் பெரும்பாலான புது வீடுகள் பெரிய சாலையோர அபார்ட்மென்ட்டுகளில்தான் வந்தன. உள்தெருக்களில் கொஞ்சம்தான்.

பள்ளிக்கூடக் கவலையை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். பொதுவாக ஒன்று, இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டில் தனி வீட்டைவிடக் குழந்தைகள் குறைவு. ஆனாலும் இதே மாநிலத்து லெக்சிங்டன் ஊரில் நடந்தது தெரியும்தானே? 2023இல் சட்டம் கேட்டதைவிடத் தாராளமாக நிலம் ஒதுக்கினார்கள். ஆயிரம் வீடுகளுக்கு மேல் திட்டங்கள் வந்து குவிந்ததும், 2025 மார்ச்சில் டவுன் மீட்டிங் (ஊர் விதிகளை ஓட்டுப்போட்டு முடிவு செய்கிற சபை) கூடி அளவைக் குறைத்துக்கொண்டது.

எதிர்க்கத்தான் வேண்டும் என்றால் சரக்குள்ள விஷயத்தை எடுங்கள். உங்கள் தெருவில் சாக்கடை இணைப்பு உண்டா, செப்டிக் தொட்டியா? செப்டிக் என்றால் மாநில விதிப்படி ஒரு படுக்கையறைக்கு ஒரு நாளைக்கு 110 காலன் கழிவுநீர் என்று கணக்கு. நாலு படுக்கையறை வீட்டுக்கு 440. இரண்டு படுக்கையறை வைத்து மூன்று வீடு என்றால் 660. அதை மண் உறிஞ்சுமா? அப்புறம், குளிர்காலத்தில் ராத்திரி தெருவில் கார் நிறுத்தத் தடை இருந்தால் ஆறு கார் எங்கே போகும்? இப்படிக் கேட்டால் ஊரின் திட்டக் குழு பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளும். 'ஊரின் அழகு போய்விடும்' என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும்.

அந்த 'அழகு' வாதம் ரொம்பப் பழசு. 1926இல் ஒஹாயோவின் யூக்ளிட் கிராம வழக்கில், நிலத்தை இன்ன பயனுக்கு என்று பிரிக்கிற விதி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு எழுதிய நீதிபதி சதர்லேண்ட், தனி வீடுகளுக்கு நடுவே எழும்புகிற அபார்ட்மென்ட்டைப் பல நேரம் 'வெறும் ஒட்டுண்ணி' என்றார். அமெரிக்கா வந்த புதிதில் அப்படி ஓர் அபார்ட்மென்ட்டில்தான், இரண்டு படுக்கையறையில் நாலு பேராக, ஒரே ரைஸ் குக்கரை வைத்துக்கொண்டு இருந்தவன் நான். நீங்களும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பீர்கள்.

குடியுரிமை இன்னும் வரவில்லை என்றால் டவுன் மீட்டிங்கில் ஓட்டு கிடையாது. அதற்கு முன்னால் நடக்கிற திட்டக் குழுவின் பொது விசாரணைக்குப் போங்கள், அங்கே பேசலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 2025 பிப்ரவரி 2 முதல் பாஸ்டன் நகரம் தவிர மாநிலம் முழுக்க, தனி வீட்டு மனையில் 900 சதுர அடி வரை ஒரு துணை வீடு கட்டிக்கொள்ள உரிமை வந்துவிட்டது. பெரிய வீட்டின் பாதி அளவு அதைவிடக் குறைவென்றால் அதுதான் வரம்பு. ஆறு மாதம் வந்து தங்குகிற அம்மா மாடிப்படி ஏற முடியாமல் ஹாலில் சோபாவிலேயே படுக்கிறார் என்று போன மாதம்கூட ஒருவர் எழுதியிருந்தார். பின்கட்டில் தரைத்தளமாகவே ஒன்று கட்டலாம். சிறப்பு அனுமதி வேண்டாம், வழக்கமான பில்டிங் பெர்மிட் போதும். செப்டிக் கணக்கு மட்டும் அங்கேயும் உண்டு.

சரி, அடுத்த கேள்வி.