ஒரு சட்டைப் பட்டனும் சிறப்புக் கல்விப் பயிற்சியும்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆவதற்கான பயிற்சியைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எல்லோருக்கும் குழப்பம் உண்டு. நம் பள்ளிகளில் 'சிறப்பாசிரியர்' என்றால் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி சொல்லித் தருபவர். நான் பேசுவது அவர்களைப் பற்றி அல்ல. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் என்று பலவகைச் சிரமங்களோடு படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர்களைப் பற்றி. பள்ளிகளுக்குத் துணையாகக் கல்வித் துறை நடத்தும் வட்டார வள மையங்களில் இவர்களைச் சிறப்புப் பயிற்றுநர் என்று கூப்பிடுவார்கள்.

என் தொழிலைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் "உங்களுக்கு ரொம்பப் பொறுமைங்க, பெரிய புண்ணியம்" என்பார். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு அது உறுத்தும். பொறுமை பிறவியிலேயே வருவது என்றால் பிறகு படிப்பு எதற்கு, பயிற்சி எதற்கு? என் அனுபவத்தில், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும். தெரியாவிட்டால் கோபம்தான் வரும். எனக்கும் வந்திருக்கிறது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

1998-இல் நான் பயிற்சி மாணவி. செய்முறைக்காக ஒரு சிறப்புப் பள்ளியில் விட்டார்கள். பதினோரு வயதுப் பையன் ஒருவனுக்குச் சட்டைப் பட்டன் போடக் கற்றுத் தர வேண்டும், அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அவனுக்கு எதிரில் உட்கார்ந்தேன். மேல் பட்டனைப் பிடித்து, "இதோ பாரு, இப்படி நுழைக்கணும்" என்று போட்டுக் காட்டினேன். அவன் முயன்றான். பட்டன் நழுவியது. மறுபடி காட்டினேன், மறுபடி நழுவியது. நான்காம் நாள் அவன் சட்டையைக் கழற்றி என் மேல் எறிந்தான். நான் குரலை உயர்த்தினேன்.

எனக்குப் பொறுப்பாக இருந்த மூத்த ஆசிரியை திட்டவில்லை. "வீட்டுல அண்ணன் சட்டை இருக்கா? போட்டுக்கோ. ஒவ்வொரு விரலும் என்ன பண்ணுதுன்னு எழுதிட்டு வா" என்றார்கள்.

நான்கு வரி எழுதிக்கொண்டு போனேன். "இன்னும் பாரு" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த நாள் ஒன்பது வரி. அதற்கும் அடுத்த நாள் பதினான்கு.

இப்போது சட்டை போட்டுக்கொண்டு வானொலி கேட்கிறவர்கள், ஒரு பட்டனைக் கழற்றி மெதுவாகப் போட்டுப் பாருங்கள். இடது கை காஜா இருக்கிற ஓரத்தைப் பிடிக்கிறது. வலது கை கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பட்டனைப் பிடித்து, அதைச் சாய்க்கின்றன. சாய்க்காவிட்டால் நுழையாது, கவனித்தீர்களா? பாதி உள்ளே போனதும், இடது கை துணியை விட்டுவிட்டு அந்தப் பாதிப் பட்டனைப் பிடிக்க வேண்டும். அதே நேரத்தில் வலது கை விட வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று விட. அந்தப் பையன் தடுமாறிய இடம் அதுதான். நான் நான்கு நாளாக அதைப் பார்க்கவே இல்லை. "நுழைக்கணும்" என்ற ஒரே சொல்லுக்குள் அவ்வளவையும் அடக்கிவிட்டேன்.

இதைத்தான் எங்கள் படிப்பில் செயல் பகுப்பாய்வு என்கிறோம். பெயர்தான் பெரிது. நமக்குக் கை பழகிப்போன ஒன்றைப் பிரித்து, பழகாத கைக்கு எட்டுகிற அளவுக்குச் சின்னச் சின்னதாக்குவது, அவ்வளவுதான்.

அந்த ஆசிரியை இன்னும் மூன்று விஷயம் சொன்னார்கள். எதிரில் உட்காராதே, பின்னால் உட்கார். எதிரில் இருந்தால் உன் வலது அவனுக்கு இடது, கண்ணாடி பார்க்கிற மாதிரி குழம்புவான். அடுத்தது, மேல் பட்டனில் தொடங்காதே, அது கழுத்துக்குக் கீழே, அவன் கண்ணுக்கே தெரியாது. கீழ்ப் பட்டனில் தொடங்கு. மூன்றாவது, இதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பத் திரும்பச் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். எல்லாவற்றையும் நீ செய். கடைசியாகப் பட்டனை வெளியே இழுப்பதை மட்டும் அவனுக்கு விடு.

ஏன் கடைசி? முதல் படியிலிருந்து தொடங்கினால் பிள்ளை ஒவ்வொரு முறையும் பாதியில் தோற்கிறான். கடைசிப் படியை அவனிடம் விட்டால், ஒவ்வொரு முறையும் வேலையை முடிக்கிறவன் அவன். பட்டன் போட்டது அவன். அது பழகியதும் கடைசி இரண்டு படி, பிறகு மூன்று. இப்படியே பின்னாலிருந்து முன்னால் வருவோம். நம் கையையும் அப்படியே விலக்க வேண்டும். முதலில் அவன் கைமேல் நம் கை. அப்புறம் மணிக்கட்டில். அப்புறம் முழங்கையில் லேசாக ஒரு தொடுதல். அப்புறம் தொடாமல், பக்கத்தில் இருப்பது மட்டும். என்னிடம் பயில வருகிறவர்களுக்கு மிகக் கடினமாக இருப்பது இந்தக் கையை எடுப்பதுதான். எடுக்க மனசு வராது. உதவி செய்யவே வந்தவர்கள் ஆயிற்றே! ஆனால் எடுக்காத கையில் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டிருப்பான்.

ஏழு வாரம் கழித்து அவன் கீழ்ப் பட்டனைத் தானே போட்டான். சட்டையைக் குனிந்து பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. பட்டனைக் கழற்றி, மறுபடி போட்டான்.

ஆனால் வீட்டில் போடவில்லை. அம்மாவைக் கேட்டோம். "காலையில வேன்காரர் ஹாரன் அடிப்பாருங்க, அவன் ஒரு பட்டன் போட நாலு நிமிஷம் ஆகுது, நானே போட்டு அனுப்பிடறேன்" என்றார். அதில் தப்பு என்ன இருக்கிறது? நாங்கள்தான் நேரத்தை மாற்றினோம். காலையில் அம்மா போடட்டும். சாயங்காலம் வந்ததும் கழற்றுவது அவன் வேலை, கழற்றுவது போடுவதைவிட எளிது. ராத்திரி சட்டை மாற்றும்போது போட்டுப் பார்க்கட்டும். பெற்றோரிடம் இப்படிப் பேசத் தெரிவதும் பயிற்சியில் ஒரு பாடம்தான்.

பட்டனைப் பற்றியே பேசிவிட்டேன். மற்ற பிரிவுகளிலும் இதே கதைதான். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்க வருகிறவர் பிரெயிலை, அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை, பலகையில் ஊசியால் குத்தி எழுதப் பழகும்போது, குத்திய புள்ளி தாளின் மறுபக்கம் புடைக்கும் என்பதால், வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். தமிழ் பிரெயிலில் இன்னொன்று: 'கெ' என்று அச்சில் எழுதும்போது நாம் கொம்பை முன்னால் போடுகிறோம். பிரெயிலில் முதலில் 'க', பிறகுதான் 'எ'. வாய் சொல்கிற வரிசையே எழுத்தின் வரிசை. பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் வாரம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் தடவித் தடவிப் படிப்பார்கள். அது அவர்களுக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

இந்தப் பணிக்கு நம் மண்ணில் வேர் உண்டு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளி 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. இன்று சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. அங்கேயும் ஆசிரியர் பயிற்சி உண்டு. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிவிட்டதென்று சைகை வருகிறது.

ஆகவே, படிக்க நினைக்கும் இளைஞர்களுக்குச் சுருக்கமாக. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு டிப்ளமோ இருக்கிறது, பட்டம் முடித்தவர்களுக்கு பி.எட். இருக்கிறது. எந்தக் குறைபாட்டுப் பிரிவு என்று முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரிக்கு, இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அனுமதி இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்னால் பாருங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். பணம் கட்டிப் படித்து, பதிவு கிடைக்காமல் கண்ணீரோடு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலை கிடைக்குமா என்றால், தேவை நிறைய. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, அதற்கு முன்பிருந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழுதான். உச்ச நீதிமன்றம் 2021-இல் அளவு வகுக்கச் சொன்னது; மத்திய அரசு 2022-இல், தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று அறிவித்தது. அந்த அளவுக்கு நிரந்தரப் பணியிடங்கள் வர வேண்டும். ஒப்பந்தச் சம்பளத்தில் பல ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய், வீட்டிலேயே கிடக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், உங்கள் ஊருக்கு அருகில் இருக்கும் சிறப்புப் பள்ளி ஒன்றில் அனுமதி வாங்கி, ஒரு வாரம் போய் உட்காருங்கள். எதுவும் செய்ய வேண்டாம், பார்த்தால் போதும். சாப்பாட்டு நேரத்தில் அவசியம் இருங்கள்.

நன்றி, வணக்கம்.