ஹாரி ஃபாருக்குப் பதுங்குகுழி செய்தது

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். துப்பாக்கி, பீரங்கி எல்லாம் அப்புறம். முதலில் சிப்பாயின் காலைப் பார்ப்போம்.

பெல்ஜியத்தில் ஈப்ர் ஊர்ப் பக்கம் களிமண் பூமி. கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறிவிடும். அந்தக் குளிர்ந்த சேற்றில் பூட்ஸைக் கழற்றாமல் நாள்கணக்கில் நின்றால் கால் மரத்துப்போகும், வீங்கும், நிறம் மாறும். முற்றினால் சதை அழுகி, விரலையோ பாதத்தையோ வெட்டி எடுக்க வேண்டியதுதான். 'ட்ரெஞ்ச் ஃபுட்' என்பார்கள். 1914-15 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 20,000 பேருக்கு இது வந்தது. ராணுவம் சும்மா இருக்கவில்லை. மாற்றுக் காலுறையும் திமிங்கில எண்ணெயும் கொடுத்தது. ஒருவர் காலை இன்னொருவர் தேய்த்துவிட வேண்டும். அதிகாரி வந்து ஒவ்வொரு காலாகப் பார்ப்பார். நோயும் குறைந்தது.

சரி, மனதுக்கு? அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஓயாத குண்டுவீச்சில், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் சிலருக்குப் பேச்சு நின்றுபோனது. சிலருக்கு நடுக்கம் நிற்கவே இல்லை. 'ஷெல் ஷாக்' என்ற பெயர் 1915-லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. அதே வருடம் ஹாரி ஃபார் என்ற பிரிட்டிஷ் சிப்பாய் அந்த நோயோடு ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தார். கை நடுங்கியதால் மனைவிக்கான கடிதங்களைச் செவிலியர்தான் எழுதிக் கொடுத்தாராம். பிறகு மறுபடியும் போர்முனைக்கே அனுப்பினார்கள்.

1916 செப்டம்பர், பிரான்ஸில் சோம் போர்முனை. முன்வரிசைக்குப் போக என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். உடனே ராணுவ நீதிமன்றம். அவருக்காக வாதாட ஒருவரும் இல்லை. சிகிச்சை கொடுத்த டாக்டரும் காயம்பட்டுப் போயிருந்ததால் சாட்சி சொல்ல வரவில்லை. கோழைத்தனம் என்று தீர்ப்பு. அக்டோபர் 16 காலையில் சொந்தப் படையே அவரைச் சுட்டது. வயது 25. கண்ணைக் கட்ட வந்தபோது வேண்டாம் என்றிருக்கிறார். இவரையா கோழை என்றார்கள்?

மனைவிக்கு ஓய்வூதியம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். கையில் சின்னப் பெண் குழந்தை. அந்த மகள் தொண்ணூறு வயதைத் தாண்டியும் போராடினார். 2006-இல், ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றச்சாட்டுகளில் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் ஒரு சட்டம் மூலம் மன்னிப்பு வழங்கியது. அதில் ஹாரியும் ஒருவர். ஆனால் பழைய தீர்ப்பும் தண்டனையும் அப்படியே நிற்கும் என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். நோயாளியாக இருந்தவருக்கு மன்னிப்பு எதற்கு? அந்தத் தீர்ப்பையே ரத்து செய்திருக்க வேண்டும்.