எந்த விரல், எந்த நேரம்?

மகளிர் குழுச் சகோதரிகளுக்கும், பின்வரிசையில் நிற்கும் தையற்கடை அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

"டாக்டர், கை வலிக்குது" என்று வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது இதுதான்: எந்த விரல்? எந்த நேரம்? எக்ஸ்ரே எல்லாம் அப்புறம்.

நடுராத்திரியில் கை மரத்துப்போய் முழிப்பு வருகிறது, உதறினால்தான் உயிர் வருகிறது. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மதமதக்கிறது. சுண்டுவிரல் மட்டும் தப்பிவிடுகிறது. இப்படிச் சொன்னால் என் சந்தேகம் மணிக்கட்டின் மேல்தான். அங்கே எலும்புக்கும் ஒரு தடித்த நாருக்கும் நடுவில் குறுகலான வழி. 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நுழைந்தாக வேண்டும். தேர்க்கூட்டம் சந்துக்குள் புகுந்த கதை. நசுங்குவது நரம்பு. சுண்டுவிரலின் நரம்புக்கு வேறு பாதை, அதனால் அது பிழைத்தது. இதைத்தான் 'கார்பல் டனல்' என்கிறோம். கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை, தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். சத்து ஊசி கேட்காதீர்கள், அதற்கு இங்கே வேலையில்லை. கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துப் படுக்காமல், மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் கட்டிக்கொண்டாலே ஆரம்பத்தில் பலருக்கு அடங்கிவிடும். பெருவிரல் மேட்டுச் சதை வற்றி, ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனபிறகு வந்தால், ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

கைக்குழந்தைக்காரிகளுக்குப் பெருவிரல் பக்க மணிக்கட்டு சுரீர் என்கும். "பச்சை உடம்பு, காத்து பட்டிருக்கும்" என்பார் மாமியார். காற்று பாவம்! 1895இலேயே சுவிட்சர்லாந்து மருத்துவர் டி கெர்வெய்ன் எழுதிவைத்த கோளாறு இது. பெருவிரலை விரித்து, குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்கித் தூக்கி வருவது. உள்ளங்கை மேலே பார்க்க, அடியில் கைகொடுத்து அள்ளித் தூக்குங்கள்.

காலையில் இரண்டு கையிலும் விரல் முட்டிகள் வீங்கி, ஒரு மணி நேரமாகியும் மடங்கவில்லையா? வயசு என்று விடாதீர்கள். ரூமட்டாய்டு என்கிற மூட்டுவாதமா என்று ரத்தம் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பைக் ஓட்டும் பிள்ளைகளுக்கு. கையூன்றி விழுந்தபின், பெருவிரலை விரித்தால் அதன் அடியில் விழும் குழியை அமுக்கிப் பாருங்கள். அங்கே வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். அந்தச் சின்ன எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, எளிதில் ஒன்றுசேராது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவாமல், கட்டோடு இருந்து, இரண்டு வாரத்தில் மறுபடி படம் எடுங்கள்.