‘என் இருதயம் ஆயத்தமாயிருக்கிறது’: தாவீது சொன்ன சொல் எது?

[திரையில்: சங்கீதம் 57:7]

"என் இருதயம் ஆயத்தமாயிருக்கிறது, தேவனே, என் இருதயம் ஆயத்தமாயிருக்கிறது, நான் பாடிக் கீர்த்தனம்பண்ணுவேன்."

இந்த வசனத்தைக் கேட்டதும் நமக்குத் தோன்றுவது ஒரு உற்சாகம். பாடத் தயாராகிவிட்டேன், ஆரம்பிக்கலாம் என்பது போல. ஆனால் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவுக்குத் தப்பியோடிய தாவீது குகையில் இருந்தபோது பாடியது என்கிறது. குகைக்குள் ஒளிந்திருப்பவனுக்கு என்ன ஆயத்தம்?

எபிரெயத்தில் இங்கே இருக்கும் சொல் ‘நாகோன்’. நடுவில் உள்ள ‘கோ’வைத் தொண்டையிலிருந்து கொஞ்சம் காற்றோடு சொல்ல வேண்டும். வேர்ச்சொல் ‘கூன்’. தமிழ்க் கூனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல்லப்போனால் நேர் எதிர். உறுதியாக நிற்பது, அசையாமல் நிலைப்பது என்பதுதான் இதன் அடிப்படைப் பொருள்.

[திரையில்: இரண்டு தூண்கள்]

நியாயாதிபதிகள் 16. கண் பிடுங்கப்பட்ட சிம்சோன், காசாவில் தன் கையைப் பிடித்திருந்த பையனிடம் தூண்களைத் தடவிப்பார்க்க விடச் சொல்கிறான். அந்த வீடு எந்தத் தூண்களின் மேல் ‘நாகோன்’ஆக இருந்ததோ, அந்தத் தூண்கள். இங்கே ஆயத்தம் என்று போட்டால் அபத்தமாகிவிடும். வீடு நிற்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு இடம் சங்கீதம் 11:2. துன்மார்க்கர் "தங்கள் அம்புகளை நாணிலே தொடுக்கிறார்கள்". தொடுப்பதற்கும் இதே வேர்தான். அம்பு இன்னும் பறக்கவில்லை, நாணில் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. உறுதி என்ற பொருளும் தயார் என்ற பொருளும் எங்கே ஒட்டிக்கொள்கின்றன என்பது இந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடுகிறது.

சரி, குகைக்குத் திரும்புவோம். 57ஆம் சங்கீதத்தில் நம் வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால்: "என் கால்களுக்குக் கண்ணியை வைத்தார்கள், என் ஆத்துமா தொய்ந்துபோயிற்று." தமிழில் வெறும் ‘வைத்தார்கள்’. எபிரெயத்தில் ‘ஹேகீனூ’. அதுவும் ‘கூன்’தான்! எதிரிகள் கண்ணியை ‘கூன்’ செய்துவிட்டார்கள். அடுத்த வரியில் தாவீது, என் இருதயமும் ‘கூன்’ ஆகிவிட்டது என்கிறான், அதுவும் இரண்டு தடவை. ‘தொய்ந்துபோயிற்று’ என்பதற்குள்ள எபிரெயச் சொல்லோ வளைந்து குனிவதைக் குறிப்பது. ஆக, ஆத்துமா வளைந்திருக்கிறது, இருதயம் வளையாமல் நிற்கிறது. இந்தச் சங்கீதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்த மொழிபெயர்ப்பிலும் இது முழுசாகத் தப்பி வருவது கஷ்டம்.

நம் பழைய தமிழ் வேதாகமம் இதே ‘நாகோன்’ஐ இடத்துக்கு இடம் மாற்றியிருக்கிறது. 112:7-ல் துர்ச்செய்திக்குப் பயப்படாதவனின் இருதயம் "கர்த்தரை நம்பித் திடனாயிருக்கும்". 51:10-ல் "நிலைவரமான ஆவி". 57-லோ ஆயத்தம். இது தவறு என்று சொல்ல மாட்டேன். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தும், லத்தீன் வுல்காத்தாவும் இங்கே ‘தயார்’ என்றுதான் எழுதின. ஆனால் அந்தக் குகைக்கு ‘திடன்’தான் இன்னும் பொருந்தும் என்பது என் கட்சி.

அதற்காக ஆயத்தத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. சீனாய் மலையடிவாரத்தில் ஜனங்கள் மூன்றாம் நாளுக்கு ‘நாகோன்’ஆக இருக்க வேண்டும், அதற்காகத் துணிகளைத் தோய்க்கிறார்கள் (யாத்திராகமம் 19). யோசேப்பு சகோதரர்களுக்கு விருந்து வைக்கச் சொல்லும்போது, ஆடுமாடு அடித்து ‘ஹாகேன்’, அதாவது சமைத்துத் தயார்செய் என்கிறான். வனாந்தரத்தில் வானத்திலிருந்து உணவு வந்த மன்னா கதையில், மறுநாள் ஓய்வுநாள் என்பதால், ஆறாம் நாளிலே கொண்டுவந்ததை ஆயத்தம்பண்ணி வைக்க வேண்டும்.

[திரையில்: ஒரு கோழிமுட்டை]

இந்த ஆறாம் நாள் வசனத்தை யூத அறிஞர்கள் எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ‘பேட்ஸா’ என்று ஒரு பகுதி, அதற்கு முட்டை என்று பொருள். பண்டிகை நாளில் கோழி இட்ட முட்டையை அன்றே சாப்பிடலாமா? சாப்பிடலாம் என்றது ஷம்மாய் பள்ளி, கூடாது என்றது ஹில்லேல் பள்ளி. ஏன் கூடாது? மிஷ்னாவை விரித்துப் பேசும் தால்மூதில் ரப்பா என்ற அறிஞர் தரும் விளக்கம்: இன்று இட்ட முட்டை நேற்றே உள்ளே தயாராகிவிட்டது. நேற்று ஓய்வுநாளாக இருந்தால், ஓய்வுநாள் பண்டிகைக்காக ஆயத்தம் செய்ததாகிவிடும். அது கூடாது, ஆயத்தமெல்லாம் சாதாரண நாளின் வேலை. மன்னாவில் தொடங்கி முட்டையில் வந்து நிற்கிறது!

இன்றைய இஸ்ரேலில் ‘நாகோன்’ என்றால் ‘சரி’. "நாகோன்?" என்று இழுத்தால் ‘சரிதானே?’ இது புதுப்பொருள் இல்லை. யோபு 42:7-ல் கர்த்தர், நீங்கள் என்னைக்குறித்து ‘நெகோனா’வைப் பேசவில்லை என்று யோபுவின் நண்பர்களைக் கடிந்துகொள்கிறார். நம் வேதாகமத்தில் அது ‘நிதானமானது’. ஓட்டப்பந்தயத்திலோ "ஹிக்கோன்!" என்றால் ஓடத் தயார் நிலை. ஆமோஸ் 4:12-ல் "உன் தேவனைச் சந்திக்கும்படி ஆயத்தப்படு" என்று வருவதும் அதே ‘ஹிக்கோன்’.

அப்புறம், கமெண்டில் யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். ஏசாயா 40:3-ல் கர்த்தருக்கு வழியை ஆயத்தப்படுத்தச் சொல்வது இந்தச் சொல் இல்லை. அது ‘பன்னூ’: பாதையில் கிடப்பதை அப்புறப்படுத்தி இடம் விடுவது. வீடு காலிபண்ணுவதற்கும் அந்த வேர்தான் வரும், ஆதியாகமம் 24:31-ல் லாபான் பேசுவதைப் பாருங்கள்.